காவிரிக்கென்றே ஒரு மீன்

அவைத் தலைவர் ஐயா அவர்களே, மாவட்ட வன அலுவலர் அவர்களே, ஊராட்சி மன்றத் தலைவர் அம்மா அவர்களே, காலையிலிருந்து பந்தலில் ஓடியாடி வேலை செய்யும் மீனவர் கூட்டுறவுச் சங்கத்து அண்ணன்மாரே, முன்வரிசைப் பள்ளிப் பிள்ளைகளே, வணக்கம். போன வருடமும் இதே மேடையில் இடம் கொடுத்த தலைவர் ஐயாவுக்குத் தனியாக ஒரு நன்றி.

இரண்டு விஷயம் பேச வந்தேன்: மீனின் ஊர், ஆற்றில் விடும் குஞ்சுகள்.

கூன்முதுகு மஹ்சீர் என்ற பெரிய ஆற்று மீனுக்கு உலகத்தில் வேறு ஊர் கிடையாது. காவிரி, அதில் சேரும் கபினி, பவானி, மோயாறு, பாம்பாறு, அவ்வளவுதான். 1946இல் கபினியில் தூண்டிலில் சிக்கிய ஒரு மீன் 120 பவுண்டு. நம் கணக்கில் 54 கிலோ! அப்பேர்ப்பட்ட மீன் டோர் ரெமாதேவியே என்ற இனம்தான் என்று 2018இல்தான் உறுதியானது. அதே வருடம் அழிவின் விளிம்பில் இருப்பதாக, ஆபத்தில் உள்ள உயிரினங்களைக் குறிக்கும் உலகச் சிவப்புப் பட்டியலிலும் ஏறிவிட்டது.

1970களிலிருந்து பண்ணையில் பொரித்த நீலத்துடுப்பு மஹ்சீர்க் குஞ்சுகளைக் காவிரியில் விட்டார்கள். அது வேறு இனம். நல்ல எண்ணத்தில்தான் விட்டார்கள். ஆனால் ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்களே, அளக்கவில்லை. இன்று பல இடங்களில் தூண்டிலில் வருவது அந்த நீலத்துடுப்புதான்.

ஒரு விழா நினைவுக்கு வருகிறது. ஆற்றங்கரையில் ஷாமியானா, மைக், மாலை. ஆக்சிஜன் அடைத்த பாலித்தீன் பைகளில் விரல் நீளக் குஞ்சுகள். போட்டோவுக்காக எல்லோரும் பையைத் தூக்கிப் பிடித்து நிற்கிறார்கள். ஓரமாக நின்ற வயதான பரிசல்காரர் ஒருவர் தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார். ஒரு பையை வாங்கி வெயிலுக்கு நேரே பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். போட்டோகிராபர் நகரச் சொல்கிறார், அவர் நகரவில்லை. “ஏங்க சார், இதோட தாய்மீனு எந்த ஆத்துல புடிச்சது?” என்று கேட்டார். மேடையில் யாரிடமும் பதில் இல்லை. “எங்க அப்பன் புடிச்ச மீனுக்குச் செட்டை செவப்புங்க. அது இதுதானான்னு தெரியாம எப்படி விடுறது?” என்றார். கூட்டம் கைதட்டியது. குஞ்சுகளை விட்டுவிட்டுத்தான் போனார்கள்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு! அந்தப் பரிசல்காரர் கேட்டதைத்தான் நானும் கேட்கிறேன். 2022இல் காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயத்தை அறிவித்த அரசுக்கு நன்றி. அதோடு ஓர் உத்தரவும் வேண்டும். தாய்மீன் எந்த ஆற்றில் பிடித்தது, என்ன இனம் என்ற சான்று இல்லாமல் ஒரு பை குஞ்சுகூடக் காவிரியில் இறங்கக் கூடாது. வன அலுவலர் ஐயா அவர்களே, மனு இதோ என் கையில் இருக்கிறது. பந்தலில் இருக்கும் அத்தனை பேரும் கையெழுத்துப் போட்ட பிறகு உங்களிடம் தருகிறேன்.