தட்டைக் கொண்டுவந்தவள் எங்கே போனாள்?

நேயர்களுக்கு வணக்கம். இன்றைக்கு ஜீன் மார்ஷ் என்ற பிரிட்டிஷ் தொலைக்காட்சி நடிகையைப் பற்றிப் பேசப்போகிறேன். எங்கே வாய்ப்புக் கிடைத்தாலும் நான் இவரைப் பற்றித்தான் பேசுவேன் என்பது என் வீட்டாருக்குத் தெரியும். அவர்கள் இந்நேரம் வானொலியை அணைத்திருப்பார்கள். நீங்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொடர்களில் அடிக்கடி வரும் ஒரு காட்சி உண்டு. கூடத்தில் பெரிய மனிதர்கள் உட்கார்ந்து சொத்துத் தகராறு பேசிக்கொண்டிருப்பார்கள். ஒரு பெண் காபித் தட்டோடு வருவாள், வைப்பாள், போய்விடுவாள். கேமரா கூடத்திலேயே நிற்கும். அந்தப் பெண் எங்கே போனாள், உள்ளே போய் இவர்களைப் பற்றி என்ன சொன்னாள் என்று நாம் கேட்பதில்லை. ஜீன் மார்ஷ் கேட்டார். கேட்டதோடு நிற்காமல், அந்தப் பெண்ணின் பின்னாலேயே கேமராவைப் போகவைத்தார். நான் இன்று சொல்ல வந்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் இதைச் சுற்றித்தான்.

1934 ஜூலை 1ஆம் தேதி, லண்டனில் ஸ்டோக் நியூவிங்டன் பகுதியில் பிறந்தவர். தொழிலாளர் குடும்பம். அம்மா பப் என்கிற மதுக்கடையில் பரிமாறியவர். நாடக அரங்கில் நடிகைகளுக்கு உடை மாட்டிவிடும் வேலையும் பார்த்தவர். அதற்கெல்லாம் முன்னால், இள வயதில், பிறர் வீட்டில் வேலைக்கு இருந்தவர். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன். லண்டன் மீது ஜெர்மானிய விமானங்கள் குண்டு போட்ட காலத்தில் ஜீன் சின்னப் பெண். அந்த நாட்களில் உடம்புக்கு முடியாமல் போனது. தேறட்டும் என்று நடன வகுப்பில் சேர்த்தார்கள். அப்படித்தான் மேடை வந்தது. எங்களைப் போன்ற வீட்டுப் பிள்ளைகள் விஞ்ஞானியாவது பற்றியெல்லாம் யோசிக்க முடியாது, ஒன்று டாப் டான்ஸ் ஆட வேண்டும், இல்லாவிட்டால் வுல்வொர்த்ஸ் கடையில் வேலைக்குப் போக வேண்டும் என்று பிற்காலத்தில் சொன்னார். அவர் பேச்சு அப்படித்தான், வெட்டு ஒன்று துண்டு இரண்டு.

1955இல் ஜான் பெர்ட்வீ என்ற நடிகரைத் திருமணம் செய்தார், 1960இல் பிரிந்தார்கள். டாக்டர் ஹூ என்ற பிரிட்டிஷ் அறிவியல் கதைத் தொடரில், டாக்டர் என்ற நாயகன் வேடத்தில் பிற்பாடு மூன்றாவதாக நடித்தாரே, அவரேதான்.

1959இல் அமெரிக்காவில் இருந்தார். ஜான் கீல்குட் நியூயார்க்கில் நடத்திய ஷேக்ஸ்பியர் நாடகத்தில் ஹீரோ என்ற பெண் பாத்திரம். அதே ஆண்டு ட்வைலைட் ஸோன் என்ற அமெரிக்க மர்மக் கதைத் தொடரில் ஒரு கதை. வேற்றுக் கோளில் தனியாக அடைபட்டுக் கிடக்கும் கைதி ஒருவன். அவனுக்குத் துணையாக ஒரு எந்திரப் பெண்ணைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். அந்த எந்திரம்தான் ஜீன் மார்ஷ். கலிஃபோர்னியாவின் டெத் வேலியில் கோடையில் படப்பிடிப்பு. வெயில் தாங்காமல் படப்பிடிப்புக் குழுவினரே சுருண்டு விழுந்தார்கள். கதையின் முடிவில் அந்தப் பெண்ணைச் சுட்டுவிடுகிறார்கள், முகத்துக்குள் கம்பிகள் தெரிகின்றன. கைதியைத்தான் ஊருக்கு அழைத்துப் போவார்கள். அவள் எடையை ஏற்றிக்கொள்ள விண்கலத்தில் இடமில்லை. 1965இல் டாக்டர் ஹூவில் சாரா கிங்டம் என்ற பாதுகாப்பு அதிகாரி. மேலிடத்து உத்தரவு என்று சொந்த அண்ணனையே சுட்டுக் கொல்பவள். கடைசியில் நொடியில் கிழவியாகி மண்ணாகிப் போகிறாள். கவனித்தீர்களா, அவருக்குக் கிடைத்ததெல்லாம் யாரோ ஒருவருக்காக வந்து, வேலை முடிந்ததும் அப்புறப்படுத்தப்படுகிற பெண்கள். அன்றைய நடிகைகளுக்கு அதில் அதிசயம் ஒன்றும் இல்லை.

சரி, கதைக்கு வருவோம்.

1967இல் பிபிசி, தி ஃபோர்சைட் சாகா என்று ஒரு தொடரை ஒளிபரப்பியது. 26 வாரம். பணக்காரக் குடும்பத்தின் பல தலைமுறைக் கதை. பிரிட்டனில் பாதிப் பேர் அதைப் பார்க்க வீட்டுக்கு ஓடினார்கள் என்பார்கள். ஜீன் மார்ஷும் அவருடைய தோழி ஐலீன் அட்கின்ஸும் அதைப் பார்த்தார்கள். ஐலீனும் நடிகை, அவர் அப்பாவும் ஒரு காலத்தில் பெரிய வீட்டில் வேலைக்கு இருந்தவர். இந்த இரண்டு பேரும் வேறு எதைப் பார்ப்பார்கள்? இத்தனை பாவாடையைத் துவைத்தது யார்? இத்தனை பேருக்கு ஆக்கிப்போட்டது யார்? அந்த ஆட்களைக் காட்டவே மாட்டேன் என்கிறார்களே!

அப்படித்தான் யோசனை பிறந்தது. முதலில் இரண்டு வேலைக்காரப் பெண்களை வைத்து ஒரு நகைச்சுவைத் தொடர் என்றுதான் நினைத்திருந்தார்கள். பெயர், பச்சைக் கம்பளிக் கதவுக்குப் பின்னால். அந்தக் காலத்துப் பெரிய வீடுகளில், சமையற்கட்டுப் பக்கத்தையும் எஜமானர் பக்கத்தையும் பிரிக்கும் கதவில் பச்சைக் கம்பளித் துணியை ஆணியடித்திருப்பார்கள். பாத்திரச் சத்தமும் வேலைக்காரர் பேச்சும் அந்தப் பக்கம் கேட்கக் கூடாது, வாடை போகக் கூடாது. காசு கொடுத்து ஆட்களை வைத்துக்கொள்வது, பிறகு அந்த ஆட்கள் இருப்பதே தெரியாமலிருக்கத் துணி அடிப்பது! எனக்கு இதை நினைத்தால் இன்றும் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியாது.

ஜான் ஹாக்ஸ்வொர்த், ஜான் விட்னி என்ற தயாரிப்பாளர்களிடம் யோசனை போனது. அவர்கள் மேல்மாடியில் வாழும் எஜமானர் குடும்பத்தையும் சேர்த்தார்கள். இரண்டு பக்கமும் தெரிந்தால்தான் கதை நகரும் என்றார்கள். எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான், ஆனால் அவர்கள் செய்தது சரி என்றும் ஒப்புக்கொள்கிறேன். தொடரின் பெயர் அப்ஸ்டேர்ஸ், டவுன்ஸ்டேர்ஸ், அதாவது மாடியிலே, கீழே என்றாயிற்று. லண்டன் வீக்எண்ட் டெலிவிஷன் நிறுவனம் எடுத்துக்கொண்டது. இடம், ஈட்டன் பிளேஸ் என்ற பணக்காரத் தெரு, 165ஆம் எண் வீடு. உண்மையில் அந்தத் தெருவில் படம் பிடித்தது 65ஆம் எண் வீட்டில். முன்னால் ஒரு 1 வரைந்துவிட்டார்கள். வேலை முடிந்தது!

சாரா, ரோஸ் என்று இரண்டு வேலைக்காரப் பெண்கள். சாராவாக ஐலீன் நடிப்பதாகத்தான் ஏற்பாடு. ஆனால் அவர் மேடை நாடகத்தில் மாட்டிக்கொண்டார். அந்த வேடம் பாலின் காலின்ஸுக்குப் போனது. தானே கண்டுபிடித்த தொடரில் தனக்கு இடமில்லாமல் போன நடிகை ஐலீன். அதையும் ஒருமுறை நினைத்துக்கொள்வோம். ரோஸாக ஜீன் மார்ஷ்.

முதல் அத்தியாயத்தை எழுதியவர் ஃபே வெல்டன். அதன் தொடக்கத்தைச் சொல்கிறேன், இதை மட்டும் அவசரப்படாமல் சொல்ல விடுங்கள். 1903ஆம் வருடம். வேலை கேட்டு வந்த ஒரு இளம் பெண், தலையில் தொப்பியோடு, நேராக வாசற்படி ஏறி முன்வாசல் மணியை அடிக்கிறாள். கதவைத் திறக்கிறார் பட்லர், அதாவது வேலைக்காரர்களுக்குத் தலைவர், ஹட்சன். ஏற இறங்கப் பார்க்கிறார். முன்வாசல் உனக்கில்லை, கீழே போ என்கிறார். தெருவிலிருந்து இறங்கும் படிகளில் இறங்கி, நிலவறைக் கதவு வழியாக அவள் வீட்டுக்குள் வருகிறாள். அவளோடு சேர்ந்து நாமும் கீழ் வழியாகத்தான் அந்த வீட்டுக்குள் நுழைகிறோம். அதற்கு முன் எந்தத் தொடர் நம்மைக் கீழ்வாசல் வழியாக அழைத்துப் போயிற்று?

அதோடு முடியவில்லை. எஜமானி லேடி மார்ஜரி அவளிடம் பெயர் கேட்கிறார். க்ளெமன்ஸ் என்கிறாள். அது வேலைக்காரிக்கு ஆகிற பெயர் இல்லை, இனி நீ சாரா என்கிறார் எஜமானி. குரலை உயர்த்தவில்லை, கடுமையாகப் பேசவில்லை. ஒரு மனுஷியின் பெயரை எடுத்துவிட்டு வேறொன்றைக் கொடுத்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறார். அன்றிரவு கூரைக்குக் கீழே இருக்கும் குளிரடிக்கும் அறையில் ரோஸும் சாராவும் ஒரே கட்டிலைப் பகிர்ந்துகொள்கிறார்கள். சாரா கனவு காண்கிறவள், பொய்யும் சொல்வாள். ரோஸ் அப்படி இல்லை. தன் வேலையில் பெருமை உள்ளவள். விடிவதற்கு முன் எழுந்து, கணப்பில் சாம்பலை அள்ளி, கரி போட்டுப் பற்றவைத்து, வெந்நீர்க் குடங்களை மாடிக்குத் தூக்கி, எஜமானர்கள் கண் விழிக்கும்போது அறை கதகதப்பாக இருக்கும்படி செய்துவிட்டுக் கண்ணில் படாமல் கீழே இறங்கிவிட வேண்டும். அதைத் திறமையாகச் செய்கிறேன் என்கிற கர்வம் ரோஸுக்கு உண்டு. ஜீன் மார்ஷ் அந்தக் கர்வத்தைத்தான் நடித்தார். பரிதாபத்தை நடிக்கவில்லை. பரிதாபப்படுத்துவது எளிது, யாரும் செய்வார்கள். முதுகை நிமிர்த்திக்கொண்டு, உதட்டை இறுக்கிக்கொண்டு ரோஸ் தட்டைத் தூக்கி வருவதைப் பார்த்தால், அம்மாவின் வாழ்க்கையை மகள் கேலிக்கும் விடவில்லை, அழுகைக்கும் விடவில்லை என்று எனக்குத் தோன்றும்.

அப்புறம் ஒரு வேடிக்கை. படப்பிடிப்பு தொடங்கிய 1970 நவம்பரில் ஐடிவி என்ற தனியார் தொலைக்காட்சியின் தொழில்நுட்பக் கலைஞர்கள் ஒரு போராட்டம் அறிவித்தார்கள். கலர் வந்த புதிது. கலர் கருவியை இயக்க அதிகச் சம்பளம் வேண்டும் என்றார்கள், நிர்வாகம் மறுத்தது. சரி, அப்படியானால் கலரில் எடுக்கமாட்டோம் என்று கறுப்பு வெள்ளையிலேயே வேலை பார்த்தார்கள். வேலைக்கும் போவார்கள், கலரும் தரமாட்டார்கள்! 1971 பிப்ரவரி வரை இது நடந்தது. அதனால் தொடரின் முதல் ஆறு அத்தியாயங்கள் கறுப்பு வெள்ளை. வெளிநாட்டில் விற்க வேண்டுமே என்று முதல் அத்தியாயத்தை மட்டும் மறுபடியும் கலரில் எடுத்தார்கள். வேலைக்காரர்களின் உழைப்பைப் பற்றிய தொடர், உழைப்புக்குக் கூலி கேட்டவர்களின் போராட்டத்தால் நிறம் இழந்தது. இதைத் தடங்கல் என்று எழுதுகிறார்கள். எனக்கோ அந்தக் கறுப்பு வெள்ளை அத்தியாயங்கள்தான் பிடிக்கும். கரியும் சாம்பலும் புகையுமாக இருக்கிற நிலவறைக்குக் கலர் எதற்கு?

நிறுவனத்து மேலிடத்தில் தொடரின் மீது நம்பிக்கை இல்லை. மாதக்கணக்கில் கிடப்பில் போட்டிருந்து, 1971 அக்டோபர் 10, ஞாயிற்றுக்கிழமை, ஊர் தூங்கப் போகும் நேரத்தில் ஒளிபரப்பினார்கள். மறுநாள் வேலைக்குப் போகிற சனம் உட்கார்ந்து பார்த்தது. ஐந்து பருவம், 68 அத்தியாயம், 1975 டிசம்பர் வரை போனது. அமெரிக்காவில் 1974இலிருந்து பொதுத் தொலைக்காட்சியில் வந்தது. அங்கே கறுப்பு வெள்ளை அத்தியாயங்களைத் தள்ளிவிட்டார்கள். 1975இல் சிறந்த நடிகைக்கான எம்மி என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி விருது ஜீன் மார்ஷுக்குக் கிடைத்தது. பட்லர் ஹட்சனாக வந்த கார்டன் ஜாக்சனும், சமையற்கார மிசஸ் பிரிட்ஜஸாக வந்த ஏஞ்சலா பேட்லியும் வீட்டு மனிதர்கள் போல் ஆகிவிட்டார்கள்.

கதை 1903இலிருந்து 1930 வரை போகிறது. லேடி மார்ஜரி டைட்டானிக் கப்பலோடு போய்விடுகிறார். முதல் உலகப் போர் வருகிறது. ரோஸைக் கட்டிக்கொள்ளவிருந்த ஆஸ்திரேலியாக்காரன் போரில் செத்துப்போகிறான். அவளுக்கென்று கொஞ்சம் பணம் எழுதிவைத்துவிட்டுப் போகிறான். வேலைக்காரிக்கு வாழ்நாளில் முதல்முறையாகச் சொந்தப் பணம். அந்தப் பணத்தை அந்த வீட்டு வாரிசு ஜேம்ஸ், நான் பெருக்கித் தருகிறேன் என்று வாங்கிப் பங்குச் சந்தையில் போடுகிறார். 1929இல் சந்தை விழுகிறது. எல்லாம் போகிறது. ஜேம்ஸ் தற்கொலை செய்துகொள்கிறார். வீடு முழுக்க அவருக்காக அழுகிறது. ரோஸின் பணம்? அவளும் அவருக்காகத்தான் அழுகிறாள். 68 அத்தியாயத்தில் இவ்வளவு கூர்மையாக வேறு எதுவும் இல்லை என்பேன். தட்டைக் கொண்டுவந்தவள் எங்கே போனாள் என்று கேட்டேன் அல்லவா, அவள் உழைப்பையும் நம்பிக்கையையும் பணத்தையும் மேலே கொடுத்துவிட்டுக் கீழே போனாள்.

நிகழ்ச்சித் தயாரிப்பாளர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார். இன்னும் பாதி பாக்கி இருக்கிறது, வேகமாகச் சொல்லிவிடுகிறேன்.

1985இல் ரிட்டர்ன் டு ஓஸ், 1988இல் வில்லோ, இரண்டு படத்திலும் கெட்ட சூனியக்காரி. குழந்தைகள் அலறினார்கள். 1989இல் மறுபடியும் டாக்டர் ஹூ, மந்திர அரசி மார்கெய்ன். எதிரே நின்றவர் நிக்கலஸ் கோர்ட்னி, 24 வருடம் முன்பு சாரா கிங்டம் சுட்ட அந்த அண்ணனாக நடித்தவர்தான். 1991இல் ஐலீனோடு சேர்ந்து மறுபடியும் ஒரு தொடர் யோசித்தார், தி ஹவுஸ் ஆஃப் எலியட். 1920களில் தையற்கூடம் நடத்தும் இரண்டு சகோதரிகள். பாருங்கள், அங்கேயும் உடையை உடுத்துகிறவர்கள் அல்ல, தைக்கிறவர்கள்தான் கதை. இதைப் பற்றித் தனியாகப் பேச நிறைய வைத்திருந்தேன்.

2010 டிசம்பரில் பிபிசி பழைய தொடரை மீண்டும் எடுத்தது. பழைய நடிகர்களில் ஜீன் மார்ஷ் மட்டும்தான் திரும்பி வந்தார், அதே ரோஸாக, இப்போது வீட்டு நிர்வாகியாக. இந்த முறை ஐலீனுக்கும் வேடம் கிடைத்தது, மேல்மாடியில்! ஆனால் அதற்குச் சில மாதம் முன்பே ஐடிவியில் டவுன்டன் ஆபி என்ற தொடர் வந்துவிட்டது. அங்கேயும் மாடியும் சமையற்கட்டும். தற்செயலாக இருக்கலாம், நான் பெல்ஜியத்து ராணியாகவும் இருக்கலாம் என்றார் ஜீன் மார்ஷ். 2011இல் பக்கவாதம் வந்தது; இரண்டாம் பருவத்தில் அதிகம் நடிக்க முடியவில்லை. 2012இல் ஓபிஇ என்ற பிரிட்டிஷ் அரச கௌரவம் கொடுத்தார்கள். 2025 ஏப்ரல் 13ஆம் தேதி லண்டனில் இறந்தார், வயது 90. அதே ஆண்டு நவம்பரில் பாலின் காலின்ஸும் போய்விட்டார். கறுப்பு வெள்ளை அத்தியாயங்கள் கிடைத்தால் அவற்றிலிருந்தே தொடங்குங்கள், கலர் முதல் அத்தியாயத்தை அப்புறம்... சரி, விளக்கை அணைக்கப் போகிறார்கள். வணக்கம்.