மூன்று பேர் ஊதினால் போதும்

வணக்கம் நேயர்களே. டிராம்போன் என்ற பித்தளை ஊதுகருவியைக் கையில் எடுப்பவருக்கு முதல் சிக்கல் கை நீளம்தான். அதில் பொத்தான் எதுவும் கிடையாது. ஒரு குழாயை முன்னும் பின்னும் இழுத்து ஏழு இடங்களில் நிறுத்தவேண்டும். எங்கே நிறுத்துவது என்று கோடு போட்டிருக்காது, காதுதான் சொல்லவேண்டும்.

ஜாஸ் கலைஞர் மெல்பா லிஸ்டன் இதை ஊதத் தொடங்கியபோது அவருக்கு வயது ஏழு. அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியில் 1926இல் பிறந்தவர். கடைசி இரண்டு இடங்களுக்குக் கை எட்டாது. தலையைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு எட்டிப் பிடிப்பாராம். எட்டு வயதில் உள்ளூர் வானொலியில் தனியாக வாசித்துவிட்டார். மைக் முன்னால் உட்கார்ந்து கைகால் நடுங்கும் எனக்கு இது கொஞ்சம் பொறாமைதான்.

பதின்ம வயதில் லாஸ் ஏஞ்சலிஸ், ஜெரால்ட் வில்சனின் இசைக்குழு. அப்புறம் டிரம்பெட் கலைஞர் டிஸ்ஸி கில்லெஸ்பியின் குழு. அந்தக் குழுவில் ஒருமுறை ஆண்களுக்கு முணுமுணுப்பு: டிராம்போனுக்கு ஒரு பெண்ணா? டிஸ்ஸி வாதம் செய்யவில்லை. மெல்பா எழுதிக் கொண்டுவந்த இசைக்குறிப்பை எல்லோருக்கும் கொடுத்து வாசிக்கச் சொன்னார். தடுமாறாமல் சில வரிகளைக்கூட அவர்களால் தாண்ட முடியவில்லை. முணுமுணுப்பு அதோடு நின்றது.

ஆனால் நாற்பதுகளின் இறுதியில் பாடகி பில்லி ஹாலிடேயோடு அமெரிக்கத் தென்பகுதிக்குப் போன பயணம் அவரை ஒடித்துப்போட்டது. கூட்டமும் இல்லை, காசும் இல்லை. சில வருடம் அலுவலக வேலைக்குப் போய்விட்டார். 1956இல் டிஸ்ஸிதான் திரும்பக் கூப்பிட்டார், அரசு அனுப்பிய வெளிநாட்டுப் பயணத்துக்கு.

1958இல் டிராம்போன்களையே முன்னிறுத்தித் தன் பெயரில் ஓர் இசைத்தட்டு போட்டார். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, அதே வருடம் பியானோ கலைஞர் ராண்டி வெஸ்டனோடு அவர் சேர்ந்ததுதான். மெட்டு வெஸ்டனுடையது. அதை எந்தக் கருவி எடுக்கவேண்டும், எது அடியில் ஒலிக்கவேண்டும், எங்கே எல்லோரும் வாயை மூடவேண்டும் என்று எழுதியவர் மெல்பா. அரேஞ்சர் வேலை என்பது அதுதான். ரசிகர்கள் பெயர் கேட்பது மட்டும் மெட்டுப் போட்டவரைத்தான்.

எழுபதுகளில் ஜமைக்காவில் இசை கற்பித்தார். 1979இல் திரும்பி வந்து, 'மெல்பா லிஸ்டன் அண்ட் கம்பெனி' என்று ஒரு சிறு குழு நடத்தினார். 1985இல் பக்கவாதம் வந்தது. டிராம்போன் அதோடு போயிற்று. எழுதுவது போகவில்லை. கணினியின் உதவியோடு வெஸ்டனுக்குத் தொடர்ந்து எழுதினார். 1999இல் மறைந்தார்.

சரி, 1958இல் பதிவான 'லிட்டில் நைல்ஸ்' தட்டிலிருந்து இப்போது ஒன்று ஒலிக்கும். வால்ட்ஸ் தாளம், ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணலாம். இருபது பேர் ஊதுவதுபோல் தோன்றும். ஊதுபவர்கள் ஒரு டிரம்பெட், ஒரு சாக்ஸஃபோன், நடுவில் மெல்பா. அவ்வளவுதான்.