அழுதுகொண்டே சொல்லும் ஸ்தோத்திரம்

(தாமிரபரணிக் கரையோரச் சபை ஒன்றில், அறுப்பின் பண்டிகை ஆராதனையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

கிறிஸ்துவுக்குள் அன்பான சபையாரே,

ஆராதனையில், நன்றிக்கான காரணத்தை எழுதிக் கவரில் போடுகிற ஸ்தோத்திரக் காணிக்கையை வாசிக்கும் நேரத்தை நான் எப்போதும் காதுகொடுத்துக் கேட்பேன். "மகளுக்கு நர்சிங் சீட் கிடைத்ததற்காக 500 ரூபாய். புது வீட்டுப் பிரதிஷ்டைக்காக 1,000 ரூபாய். கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததற்காக 200 ரூபாய்." ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் ஒரு வீட்டாரின் முழங்கால் ஜெபம் இருக்கிறது. அது நல்ல வழக்கம், விட்டுவிடக் கூடாத வழக்கம். ஆனால் அதே நேரத்தில் அதே ஆலயத்தில் வேறு சிலரும் உட்கார்ந்திருக்கிறார்கள். சீட் கிடைக்காத பிள்ளையின் தகப்பனார் இருக்கிறார். ஆபரேஷன் செய்தும் புருஷனைப் பறிகொடுத்த அம்மா இருக்கிறார்கள். அவர்கள் எதை எழுதிக் கவரில் போடுவார்கள்?

"எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்" என்று அப்போஸ்தலனாகிய பவுல் தெசலோனிக்கே பட்டணத்துச் சபையாருக்கு எழுதினார். யாருக்கு எழுதினார் என்பதைப் பாருங்கள். அந்தச் சபை உருவான கொஞ்ச நாளிலேயே ஊரில் கலகம் எழும்பிற்று. பவுலைத் தேடி வந்தவர்கள் அவரைக் காணாமல், அவருக்கு இடம் கொடுத்த யாசோனைப் பிடித்து அதிகாரிகளிடம் இழுத்துக்கொண்டு போனார்கள். பவுலையும் சீலாவையும் இராத்திரியோடு இராத்திரியாக பெரோயாவுக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. அதற்கு முன்பு பிலிப்பியில் பவுல் வாங்கிய அடிகள் வேறு. ஆகவே இந்த வசனம் வசதியான நாளில் வசதியானவர்களுக்கு எழுதப்பட்டதல்ல. இதை எழுதின அதே பவுல் இன்னொரு நிருபத்தில், ஆசியாவில் தமக்கு நேரிட்ட உபத்திரவத்தில் "பிழைப்போம் என்கிற நம்பிக்கை அற்றுப்போகத்தக்கதாக" வருத்தப்பட்டேன் என்று ஒளிவுமறைவில்லாமல் சொல்லுகிறார். ஸ்தோத்திரஞ்செய்யச் சொன்னவர் தன் மனமுறிவை மறைக்கவில்லை.

நான் இன்றைக்கு உங்களிடம் சொல்ல வந்தது இந்த ஒன்றுதான். எல்லாச் சூழ்நிலையிலும் தேவனுக்கு நன்றி சொல்லுவதற்கு, கண்ணீரைத் துடைத்துவிட்டு வர வேண்டிய அவசியமில்லை.

பெத்தானியாவுக்குப் போவோம். லாசரு செத்து நாலு நாளாயிற்று. அவன் சகோதரி மரியாள் ஆண்டவராகிய இயேசுவின் பாதத்தில் விழுந்து, "நீர் இங்கே இருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்" என்று மனத்தாங்கலோடு சொல்லுகிறாள். ஆண்டவர் அவளைப் பார்த்து, "முதலில் ஸ்தோத்திரம் சொல்லு மகளே" என்றாரா? அவளோடுகூடக் கண்ணீர் விட்டார். அதன் பிறகு கல்லறைக்கு வந்து, கல்லை எடுத்துப்போட்டவுடனே, "பிதாவே, நீர் எனக்குச் செவிகொடுத்தபடியினால் உம்மை ஸ்தோத்திரிக்கிறேன்" என்றார். அவர் அதைச் சொல்லும்போது லாசரு இன்னும் உள்ளேதான் கிடக்கிறான், துணி சுற்றிய பிணமாக. ஆண்டவருடைய முகத்தில் கண்ணீரின் ஈரம் காய்ந்திருக்குமோ என்னவோ. அந்த முகத்தோடுதான் அவர் நன்றி சொன்னார்.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. நம்முடைய துக்க வீடுகளில் ஒரு வழக்கம் வந்திருக்கிறது. குழந்தையை இழந்த தாய் வாய்விட்டு அழுதால், "அழாதீங்கம்மா, விசுவாசிகள் அழக் கூடாது, ஸ்தோத்திரம் சொல்லுங்க" என்று பக்கத்தில் நின்று சொல்லுகிறோம். நல்ல எண்ணத்தோடுதான் சொல்லுகிறோம். ஆனால் அது கொடுமை. பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த யோபுவின் சிநேகிதர் மூவரும் ஏழு நாள் இரவும் பகலும் அவனோடு தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாதிருந்தார்கள். அவர்கள் செய்த நல்ல காரியம் அதுதான். பேச ஆரம்பித்த பிறகுதான் தேவனுடைய கோபத்துக்கு ஆளானார்கள். "அழுகிறவர்களுடனே அழுங்கள்" என்பதும் கட்டளைதானே. ஸ்தோத்திரம் ஒருவருடைய உள்ளத்திலிருந்து வர வேண்டும். இன்னொருவர் அதைப் பிடுங்கி எடுக்க முடியாது.

ஒரு சபையில் நான் பிரசங்கித்த ஞாயிற்றுக்கிழமை, காணிக்கைத் தட்டில் ஒரு கவர் இருந்தது. பேர் இல்லை. பென்சில் எழுத்தில், "என் மகனை 19 வருஷம் எனக்குத் தந்ததற்காக" என்று எழுதி, உள்ளே பத்து ரூபாய்த் தாள்களாக 190 ரூபாய் வைத்திருந்தது. வருஷத்துக்கு ஒரு தாள். அந்தப் பிள்ளை எப்போது போனான், அந்த அம்மா எத்தனை நாள் அழுத பிறகு அந்தக் கவரை எடுத்தார்கள், ஒன்றும் எனக்குத் தெரியாது. அவர்கள் மரணத்துக்காக நன்றி சொல்லவில்லை. மரணம் சத்துரு என்றே வேதம் சொல்லுகிறது. மரணத்தால் பறித்துக்கொண்டு போக முடியாத 19 வருஷங்களுக்காக அவர்கள் நன்றி சொன்னார்கள்.

இப்படிச் சொல்ல நாவு ஒரே நாளில் பழகாது. ஜெர்மனியில் சாக்சனி நாட்டு எய்லன்பர்க் ஊரில் மார்ட்டின் ரிங்கார்ட் என்று ஒரு குருவானவர் இருந்தார். 1586-இல் அங்கேயே பிறந்தவர். 1617-இல் அந்த ஊர்ச் சபைக்கு ஊழியத்துக்கு வந்தார். மறுவருஷமே முப்பதாண்டுப் போர் மூண்டது. எய்லன்பர்க் மதில் சூழ்ந்த ஊர் என்பதால் சுற்றுவட்டாரத்து அகதிகளெல்லாம் அதற்குள் வந்து நெருக்கியடித்தார்கள். 1637-இல் கொள்ளைநோய் புகுந்தது. மற்றக் குருமார் செத்தும் விலகியும் போக, அடக்க ஆராதனை நடத்த இவர் ஒருவரே மிஞ்சினார். சில நாட்களில் ஒரே நாளில் 40, 50 அடக்கம். அந்த வருஷத்தில் மட்டும் அவர் அடக்கம்பண்ணினவர்கள் 4,000 பேருக்கு மேல் என்கிறார்கள். அவர்களில் ஒருத்தி அவருடைய சொந்த மனைவி.

உலகமெங்கும் சபைகள் இன்றைக்கும் பாடுகிற ஒரு பெரிய நன்றிப் பாட்டு இவர் எழுதியது. பிணங்களின் நடுவே உட்கார்ந்து எழுதினார் என்று பிரசங்கங்களில் சொல்லுவது உண்டு. அவர் அதை முதலில் எழுதியது வீட்டாரோடு சாப்பாட்டு மேசையில் சொல்லும் ஜெபமாகத்தான். கொள்ளைநோய்க்கு முன்பே எழுதியதாகவே தெரிகிறது. எனக்கு இதுவே அதிக பலன் தருகிறது. தட்டில் சாப்பாடு வைத்த ஒவ்வொரு வேளையும் நன்றி சொல்லிப் பழகின மனுஷன், மனைவியை மண்ணுக்குள் வைத்த வருஷத்திலும் தன் ஊழியத்தை விட்டு ஓடவில்லை. நம் வீட்டு மேசையில் இப்போது என்ன நடக்கிறது? செல்போனைப் பார்த்துக்கொண்டே பிள்ளைகள் சாப்பிட்டு எழும்புகிறார்கள். இன்று இராத்திரி குடும்ப ஜெபத்தில் ஆளுக்கொரு காரியத்தைச் சொல்லி நன்றி சொல்லச் சொல்லுங்கள். பொதுப்படையாக "எல்லா நன்மைகளுக்காகவும்" வேண்டாம். இன்றைக்கு நடந்தது, ஆள் பேரோடு. அதேபோல, நடந்த வருத்தத்தையும் மறைக்காமல் சொல்லட்டும்.

நம்முடைய பக்கத்திலும் அப்படி ஒரு வருஷம் வந்ததே. 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை. ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கமெல்லாம் தாமிரபரணி கரைபுரண்டு, குலை தள்ளிய வாழைகள் படுத்துவிட்டன. கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. அந்தப் பண்டிகைக்கு நான் போன கிராமத்து ஆலயத்தில், சுவரில் என் இடுப்பு உயரத்துக்குத் தண்ணீர் நின்ற கோடு. வேதப் புத்தகங்களை விரித்து வெயிலில் காயப்போட்டிருந்தார்கள். கீதம் பாடும்போது பாதிப் பேருக்குக் குரல் வரவில்லை. அந்த ஆராதனையைத் தேவன் ஏற்றுக்கொள்ளவில்லை என்று யார் சொல்ல முடியும்?

அந்த வெள்ளத்தில், திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோய், நூற்றுக்கணக்கானோர் சிக்கிக்கொண்டார்கள். பக்கத்துப் புதுக்குடி மக்கள், தாங்களே வெள்ளத்தில் தவிக்கும்போது, சமைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அவர்கள் நம்முடைய சபையாரா, வேறு மார்க்கத்தாரா என்று கேட்டா பசி தீர்ந்தது? தேவனுக்கு நன்றி சொல்லுகிறவன் அவர் அனுப்பின மனுஷருக்கும் போய் நன்றி சொல்ல வேண்டும்.

லேவியராகமம் 7-ஆம் அதிகாரத்தில் ஒரு பிரமாணம் உண்டு. ஸ்தோத்திர பலியின் மாம்சத்தை அன்றைக்கே சாப்பிட்டுவிட வேண்டும், விடியற்காலம்மட்டும் மீதி வைக்கக் கூடாது. ஒரு குடும்பம் ஒரு முழு ஆட்டை ஒரே நாளில் தின்று தீர்க்க முடியுமா? அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டாக வேண்டும். நன்றி சொல்ல வந்தவன் வீட்டில் அன்றைக்குப் பந்தி நடந்திருக்கும். நாம் அசனம் என்று ஊரைக் கூட்டிச் சோறு போடுகிறோமே, அதற்கும் இதற்கும் உறவு தூரமில்லை.

இன்றைக்கு ஆராதனை முடிந்து, நீங்கள் காணிக்கையாகக் கொண்டுவந்த வாழைத்தார், தேங்காய், சேவல் எல்லாம் ஏலத்துக்கு வரும். சந்தோஷமாகக் கூட்டிக் கேளுங்கள். இந்த வருஷம் சாவு விழுந்த வீடுகளும் விளைச்சல் போன வீடுகளும் எவை என்று உங்களுக்குத் தெரியும். ஏலம் எடுத்ததில் ஒரு பங்கை அந்த வீடுகளுக்குக் கொண்டுபோங்கள். போனதும் வசனம் சொல்ல ஆரம்பிக்க வேண்டாம். கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.

இப்போது 13-ஆம் சங்கீதத்தை எழுந்து நின்று சேர்ந்து வாசிப்போம். ஆறே வசனம். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தொடங்குகிறது. "அவரைப் பாடுவேன்" என்று முடிகிறது. முதல் இரண்டு வசனங்களை அவசரப்படாமல் வாசியுங்கள். அதில் நிறுத்திக்கொள்ள வேண்டியவர்கள் இன்றைக்கு யாராவது இருந்தால் நிறுத்திக்கொள்ளுங்கள். மீதியை உங்களுக்காகச் சபை வாசிக்கும்.