சிக்னல் யாரை எண்ணுகிறது?

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

சாலைப் போக்குவரத்தில் கணினி நேற்று நுழைந்ததன்று. 1963-ஆம் ஆண்டிலேயே கனடாவின் டொராண்டோ நகரம் தன் சிக்னல்களைக் கணினியின் கட்டுப்பாட்டுக்குக் கொண்டுவந்தது. பின்னர் சிட்னியில் ஸ்காட்ஸ் என்ற முறையும், பிரிட்டனில் ஸ்கூட் என்ற முறையும் உருவாயின. சாலைக்கு அடியில் பதித்த கம்பிச் சுருள்களால் வண்டிகளை உணர்ந்து, பச்சை விளக்கு எரியும் நேரத்தை அவ்வப்போது கூட்டியும் குறைத்தும் அவை நெரிசலைத் தணித்தன.

ஆனால் அந்தக் கம்பிச் சுருளுக்குத் தெரிவது தன்மேல் நிற்கும் உலோகம் மட்டுமே. அறுபது பேர் ஏறிய பேருந்தும் அதற்கு ஒரு வண்டிதான். ஒருவர் தனியே ஓட்டிவரும் காரும் ஒரு வண்டிதான். வண்டிகளின் காத்திருப்பைக் குறைக்கச் சொன்னால் கணினி அதைத்தான் குறைக்கும். மனிதர்களின் காத்திருப்பைக் குறைக்க வேண்டும் என்பதை நாம்தான் அதற்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். இதை நான் பொறியியல் கேள்வியாக மட்டும் பார்க்கவில்லை, நியாயத்தின் கேள்வியாகவும் பார்க்கிறேன்.

நெடுநேரம் ஒரு பேருந்தும் வராமல், பிறகு இரண்டு ஒன்றன்பின் ஒன்றாக வருவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். சற்றுத் தாமதமான பேருந்துக்காக நிறுத்தத்தில் கூட்டம் சேர்கிறது. அந்தக் கூட்டம் ஏறி முடிவதற்குள் தாமதம் இன்னும் வளர்கிறது. பின்னால் வரும் பேருந்தோ ஏற ஆளின்றி விரைந்துவந்து முன்னதை எட்டிவிடுகிறது. தாமதத்தை முளையிலேயே கிள்ளக் கணினியால் முடியும். பேருந்தின் ஜிபிஎஸ் கருவி சந்திப்பை நெருங்கும்போது தகவல் அனுப்ப, அணையவிருந்த பச்சை விளக்கு சில விநாடிகள் நீள்கிறது; சிவப்பு எரிந்துகொண்டிருந்தால் சற்று முன்னதாகவே பச்சை வருகிறது. நேரத்துக்கு ஓடும் பேருந்தை விட்டுவிட்டு, பின்தங்கியதற்கு மட்டும் இச்சலுகையை அளிப்பதே சரியென்பது என் கருத்து. இடைவெளி சீராவது அப்படித்தான்.

கணினியிடம் எதைக் குறைக்கச் சொல்கிறோம் என்ற இதே சிக்கல், கார் ஓட்டுவோருக்கு வழிகாட்டும் செயலிகளிலும் உண்டு. ஒவ்வொருவரும் தமக்கு விரைவான பாதையையே தேர்ந்தால், புதிதாக ஒரு சாலையைச் சேர்த்த பின்பும் எல்லோருடைய பயண நேரமும் கூடிவிடக்கூடும் என்று ஜெர்மானியக் கணிதவியலாளர் டீட்ரிச் பிரேஸ் 1968-இல் காட்டினார். தனித்தனியே நல்ல வழி சொல்வதால் மட்டும் ஊர் முழுவதற்கும் வழி பிறந்துவிடுவதில்லை.

2005-இல் அமெரிக்காவின் போர்ட்லாண்டு போக்குவரத்து நிறுவனமும் கூகுளும் சேர்ந்து கால அட்டவணைகளுக்கு ஒரு பொது வடிவத்தை உருவாக்கின. இன்று பல நாடுகளின் பேருந்து, ரயில் நேரங்கள் அவ்வடிவில் வெளியாகின்றன. அத்தரவு கைபேசித் திரையோடு நின்றுவிடலாகாது. நிறுத்தத்தில் ஓர் எழுத்துப் பலகையும், பார்வையற்றோருக்காக ஒரு குரலும் அதே தரவைக் கொண்டு இயங்க வேண்டும்.