சட்ட அமைச்சகத்துக்கு மூணு வாசல்: எந்த வேலை எங்க நடக்குது?

வணக்கம் மக்களே. "டெல்லியில சட்ட அமைச்சகத்துக்கே லெட்டர் போட்டுட்டேன், ஒண்ணும் நடக்கல"ன்னு சொல்றவங்களை நீங்களும் பார்த்திருப்பீங்க. அந்த லெட்டர்ல என்ன இருக்கும்? ஸ்டேஷன்ல எஃப்ஐஆர் போட மாட்டேங்கறாங்க, பத்திரப் பதிவுல மோசடி, இன்கம்டாக்ஸ் நோட்டீஸ் தப்பா வந்திருக்கு. இதுல எதுவுமே அந்த அமைச்சகத்தோட வேலை இல்ல. பேர்ல சட்டம் இருக்கிறதால நாட்டுல இருக்கிற எல்லாச் சட்டத்துக்கும் அவங்கதான் சொந்தக்காரங்கன்னு நினைச்சுக்கறோம். உண்மையில அது மத்திய அரசோட வக்கீல் ஆபீஸ். அங்க கட்சிக்காரர்னா மத்த அமைச்சகங்கள்தான், நீங்களோ நானோ கிடையாது.

கிரிமினல் சட்டம் உள்துறை கையில இருக்கு. 2023ல ஐபிசிக்குப் பதிலா வந்த பாரதிய நியாய சன்ஹிதா பில்லைக் கொண்டு வந்ததே உள்துறைதான். வருமான வரிச் சட்டம் நிதி அமைச்சகம். கம்பெனிச் சட்டத்துக்குத் தனியா ஒரு அமைச்சகம். போலீஸ் மாநில அரசு. எது யாருக்குன்னு பிரிச்சு எழுதி வச்சிருக்கிறது 1961ல வந்த அலுவல் ஒதுக்கீட்டு விதிகள்ல. அதோட ரெண்டாவது அட்டவணையில ஒவ்வொரு துறைக்கும் என்னென்ன விஷயம்னு வரிசையா இருக்கும். மனு எழுதுறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் அதைப் புரட்டினா தபால் செலவு மிச்சம்.

சரி, உள்ள போவோம். அமைச்சர் ஒருத்தர், ஆனா துறை மூணு, செயலாளரும் மூணு பேர். சட்ட விவகாரத் துறை, சட்டமியற்றும் துறை, அப்புறம் நீதித் துறை. கடைசிப் பேர் குழப்பும். நீதித் துறைன்னா கோர்ட்டுன்னு நினைச்சுடாதீங்க, இது அமைச்சகத்துக்குள்ள ஒரு டிபார்ட்மென்ட். 2009 வரைக்கும் இது உள்துறையில இருந்தது, அதுக்கப்புறம்தான் இங்க வந்தது.

முதல் வாசல், சட்ட விவகாரத் துறை. இங்க வேலை பார்க்கிற சட்ட ஆலோசகர்கள் இந்தியன் லீகல் சர்வீஸ்னு தனிப் பணியைச் சேர்ந்தவங்க, ஐஏஎஸ் இல்ல. கீழேர்ந்து அசிஸ்டென்ட் லீகல் அட்வைசர், டெபுடி, அடிஷனல், ஜாயின்ட் செக்ரட்டரி, அப்படியே மேல போய் சட்டச் செயலாளர். டெல்லியில தலைமை, சென்னை, மும்பை, கொல்கத்தா, பெங்களூருல கிளைச் செயலகம். நம்ம ஊர்ப் பக்கம் ஒரு மத்திய அரசு ஆபீசுக்கு சட்டக் கருத்து வேணும்னா சென்னைக் கிளைக்குத்தான் ஃபைல் வரும்.

அந்த ஃபைல் எப்படி இருக்கணும்? கருத்து கேட்கிற ஆபீஸ் ஒரு குறிப்பு எழுதும். அதைப் படிச்சாலே விஷயம் முழுக்கப் புரியணும், வேற ஃபைலைத் தேடுற மாதிரி இருக்கக் கூடாது. நடந்தது தேதி வாரியா, பொருந்துற சட்டப் பிரிவு, விதி, இதே விஷயத்துல முன்னாடி வாங்கின கருத்து இருந்தா அது, அந்தத் துறையோட சொந்த நிலைப்பாடு, கடைசியில "இந்தக் கேள்விக்குப் பதில் வேணும்"னு குறிப்பான கேள்வி. சொதப்புறது பெரும்பாலும் இந்தக் கடைசி இடத்துலதான். "மேற்கண்டதைப் பரிசீலித்து ஆவன செய்யவும்"னு எழுதி அனுப்பினா, என்ன கேட்கறீங்கன்னு கேட்டு ஃபைல் திரும்பி வந்துடும். இன்னொண்ணு, போன வருஷம் வாங்கின கருத்து பிடிக்கலன்னு அதை மறைச்சுட்டுப் புதுசா கேட்கிறது. பழைய கருத்து வெளியே வந்ததும் மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பம். மத்திய அரசோட தலைமை வக்கீலான அட்டர்னி ஜெனரல்கிட்ட நேரா கேட்கலாமான்னா, கூடாது. எந்த அமைச்சகமா இருந்தாலும் இந்தத் துறை வழியாத்தான் அவர்கிட்டப் போகணும்.

அட்டர்னி ஜெனரல் அரசமைப்பு 76வது பிரிவுல வர்ற பதவி. சுப்ரீம் கோர்ட் ஜட்ஜ் ஆகத் தகுதி இருக்கணும், நாட்டுல எந்தக் கோர்ட்லயும் வாதாடலாம், நாடாளுமன்றத்துல பேசலாம், ஓட்டுப் போட முடியாது. முதல் ஆள் எம்.சி. செடல்வாட், 1950லேர்ந்து 1963 வரைக்கும். அவருக்கு அடுத்த நிலையில இருக்கிற சொலிசிட்டர் ஜெனரல் பதவி அரசமைப்புல இல்ல, அவரோட பணி நிபந்தனை 1987ல வந்த விதிகள்ல இருக்கு. இவங்களைத்தான் 'சட்ட அதிகாரிகள்'னு சொல்றது; இவங்க யாரும் மத்திய அரசுக்கு எதிரா ஆஜராகக் கூடாது.

இப்ப வழக்கு. இந்தத் துறையோட அழுத்தம் முழுக்க இங்கதான். மெட்ராஸ் ஹைகோர்ட்ல ஒரு மத்திய அரசுத் துறை தோத்துப்போச்சுன்னு வைங்க. அப்பீலுக்கு அனுமதி கேட்டு சுப்ரீம் கோர்ட்ல போடுற சிறப்பு அனுமதி மனுவுக்கு 90 நாள். கேட்க நிறைய மாதிரி இருக்கும். ஆனா முதல்ல தீர்ப்போட சான்று நகல் வாங்கணும். கேஸ் நடத்தின பேனல் வக்கீல், அதாவது அரசு தன் பட்டியல்ல வச்சிருக்கிற வக்கீல், அப்பீல் போகலாமா வேண்டாமான்னு கருத்து தரணும். துறை தன் முடிவை எழுதணும். சட்ட விவகாரத் துறை பார்க்கணும். சட்ட அதிகாரி ஒருத்தர் "போடலாம்"னு சொல்லணும். அப்புறம் சுப்ரீம் கோர்ட் வேலையைப் பார்க்கிற சென்ட்ரல் ஏஜென்சி செக்‌ஷனுக்கு வந்து, வக்கீல் டிராஃப்ட் பண்ணி, அது திருத்தத்துக்குத் துறைக்குப் போய், பிரமாண வாக்குமூலத்துல அதிகாரி கையெழுத்து போட்டு, திரும்பி வரணும். ஒவ்வொரு மேசையிலயும் பத்து பத்து நாள் உட்கார்ந்தாலே 90 போயிடும்.

"அரசு இயந்திரம் மெதுவாத்தான் நகரும், தாமதத்தை மன்னிக்கணும்"னு ஒரு மனு போட்டா முன்னல்லாம் ஓரளவு எடுபட்டுது. 2012ல தபால் துறை வழக்குல 427 நாள் தாமதம். நியாயமான விளக்கம் இல்லன்னு சுப்ரீம் கோர்ட் ஏத்துக்கல. ஃபைல் சுத்துது, நடைமுறைச் சிக்கல்ங்கிற வழக்கமான பாட்டெல்லாம் காரணம் ஆகாதுன்னு தெளிவா சொல்லிட்டாங்க. ஒரு வேடிக்கை பாருங்க. புதுசா கேஸ் போட காலவரையறைச் சட்டம் அரசுக்கு 30 வருஷம் தருது, நமக்குப் பெரும்பாலான விஷயத்துல 3 வருஷம்தான். அப்பீல்ல மட்டும் ரெண்டு பேருக்கும் ஒரே கணக்கு. அங்கதான் அவங்க மாட்டிக்கறாங்க. எந்தக் கேஸ் எந்த நிலையில இருக்குன்னு பார்க்க லிம்ப்ஸ்னு ஒரு ஆன்லைன் ஏற்பாடு வச்சிருக்காங்க. துறைக்காரங்க உடனுக்குடன் பதிவு பண்ணினாத்தான் அதுல பிரயோஜனம்.

ஒப்பந்தமும் இந்த வாசல்தான். மத்திய அரசு போடுற ஒப்பந்தம் குடியரசுத் தலைவர் பேர்ல இருக்கணும், அவர் சார்பா கையெழுத்து போட அதிகாரம் குடுக்கப்பட்டவர்தான் போடணும். இது 299வது பிரிவு. கான்ட்ராக்டர்களுக்குச் சொல்றேன், எதிர்ல உட்கார்ந்திருக்கிறவர் எவ்வளவு பெரிய அதிகாரியா இருந்தாலும் இந்த ரெண்டும் சரியா இருக்கான்னு பாருங்க. இல்லன்னா அந்த ஒப்பந்தத்தை வச்சு அரசு மேல கேஸ் நிக்காது. செஞ்ச வேலைக்கு ஈடு கேட்டு வேற வழியில போகணும், அது நீண்ட பாதை.

நோட்டரியும் இங்கதான். 1952ல வந்த நோட்டரிச் சட்டம். மத்திய அரசும் நியமிக்கும், மாநில அரசும் நியமிக்கும். வக்கீலா பொதுவா 10 வருஷம் இருந்திருக்கணும், பெண்கள், பட்டியலினத்தவர், ஓபிசின்னா 7 வருஷம். சான்றிதழ் 5 வருஷத்துக்கு, அப்புறம் புதுப்பிக்கணும். நோட்டரி முத்திரை வாங்கும்போது அவர் சான்றிதழ் உயிரோட இருக்கா, ரெஜிஸ்டர்ல வரிசை எண் போட்டாரா, உங்க கையெழுத்து வாங்கினாரான்னு பாருங்க. வெளிநாட்டுல ஆவணம் செல்லுறதுக்கு அப்போஸ்டில்ங்கிற சான்று வேணும்னா அது வெளியுறவு அமைச்சகம், இங்க வராதீங்க.

வெளிநாட்டுக் கோர்ட்லேர்ந்து இந்தியாவுல இருக்கிறவருக்கு சிவில் சம்மன் வந்தா மட்டும் இங்கதான் வரும். நாடு விட்டு நாடு கோர்ட் ஆவணம் சேர்க்கிறதுக்கான ஹேக் ஒப்பந்தத்துல இந்தியா 2006ல சேர்ந்தது, அதுக்கு இங்க பொறுப்பான மைய அமைப்பு இந்த அமைச்சகம். ஆவணம் ரெண்டு பிரதி வேணும், ஆங்கிலத்துல இல்லன்னா மொழிபெயர்ப்பும் வேணும். தபால்ல நேரா அனுப்புறதை இந்தியா ஏத்துக்கல. வெளிநாட்டுல விவாகரத்து கேஸ் போட்டுட்டு இங்க இருக்கிறவருக்கு கூரியர்ல சம்மன் அனுப்பினா, சம்மன் முறையா சேரலன்னு பின்னாடி ஒரு சண்டை காத்திருக்கு.

வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமும் இந்தத் துறை நிர்வாகத்துலதான். 1941 ஜனவரி 25ல ஆரம்பிச்சது. வரி போடுற நிதி அமைச்சகமே வரித் தகராறைத் தீர்க்கிறவங்களுக்கும் சம்பளம், இடமாற்றம்னு பார்த்தா எப்படி இருக்கும்? எனக்குத் தெரிஞ்சு இந்த அமைச்சகத்தோட அமைப்புல ரொம்ப யோசிச்சு வச்ச ஒரு விஷயம் இது.

ரெண்டாவது வாசல், சட்டமியற்றும் துறை. பேர் அப்படி இருந்தாலும் கொள்கை இவங்களோடது இல்ல. மீன்வளத் துறைக்கு ஒரு சட்டம் வேணும்னா என்ன வேணும்னு அவங்கதான் முடிவு பண்ணணும். இவங்க அதை சட்ட வாசகமா தைச்சுக் குடுக்கிற டெய்லர். அளவு குடுக்காம "நல்லா தைச்சுக் குடுங்க"ன்னா எப்படி?

ஒரு பில்லைக் கையில எடுத்துப் பாருங்க. நீளமான தலைப்பு, அப்புறம் சுருக்கப் பேர், எங்கெல்லாம் செல்லும், எப்ப அமலாகும், வரையறைகள், முக்கியப் பிரிவுகள், விதி வகுக்கும் அதிகாரம், பழைய சட்டத்தை நீக்குற பிரிவு. பின்னாடி நோக்கக் காரண விளக்கம், செலவு பத்தின குறிப்பு, விதி போடுற அதிகாரத்தை அரசுக்கு ஒப்படைக்கிறது பத்தின குறிப்பு. இதுல நாம கவனிக்காம விடுறது அமலாகும் தேதி. "மத்திய அரசு அரசிதழ்ல அறிவிக்கிற தேதியிலேர்ந்து"ன்னு இருந்தா, குடியரசுத் தலைவர் கையெழுத்து போட்டாலும் சட்டம் தூங்கிட்டுத்தான் இருக்கும். நியாய சன்ஹிதாவுக்கு 2023 டிசம்பர் 25ல ஒப்புதல், அமலுக்கு வந்தது 2024 ஜூலை 1. நடுவுல நடந்த குற்றத்துக்குப் பழைய ஐபிசிதான்.

சட்டத்துக்குக் கீழ அரசு போடுற விதிகளையும் இவங்க சரிபார்க்கணும். கோர்ட்ல விதி அடிபடுற ஒரு முக்கியக் காரணம், தாய்ச் சட்டம் குடுக்காத அதிகாரத்தை விதியில நுழைக்கிறது. சட்டத்துல கட்டணம் வசூலிக்கவே பிரிவு இல்ல, விதியில கட்டணம் போட்டா நிக்காது.

தேர்தல் சட்டங்களும், அதாவது 1950, 1951 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டங்களும், இந்தத் துறைதான். தேர்தல் நடத்துறது ஆணையம், சட்டத்தைத் திருத்துற வேலை இங்க. சுதந்திர இந்தியாவோட ஆரம்ப காலச் சட்டச் செயலாளர் கே.வி.கே. சுந்தரம், 1958ல தலைமைத் தேர்தல் ஆணையரா போனார். சட்டச் சீர்திருத்தம் பத்தி அரசுக்கு யோசனை சொல்ற அஞ்சாவது சட்ட ஆணையத்துக்கும் 1968ல தலைவரானார்.

மூணாவது வாசல், நீதித் துறை. ஹைகோர்ட், சுப்ரீம் கோர்ட் ஜட்ஜ் நியமன ஃபைல் நகர்றது இங்க. ஹைகோர்ட்டுக்கு, தலைமை நீதிபதியும் மூத்த ரெண்டு பேரும் பேரைப் பரிந்துரைக்கணும், காலியிடம் வர்றதுக்கு 6 மாசம் முன்னாடியே ஆரம்பிக்கணும். மாநில அரசு 6 வாரத்துல கருத்து சொல்லணும். இங்க வந்ததும் உளவுத் துறை அறிக்கை சேரும், சுப்ரீம் கோர்ட் கொலீஜியம்ங்கிற மூத்த ஜட்ஜுகள் குழுவுக்குப் போகும், பிரதமர் வழியா குடியரசுத் தலைவர். ஆரம்பம் தாமதமானா எல்லாமே தாமதம். மாவட்ட ஜட்ஜ் நியமனத்துல இந்தத் துறைக்கு வேலையே இல்ல, அது ஆளுநரும் ஹைகோர்ட்டும். கோர்ட்டுகளைக் கணினிமயமாக்குற இ-கோர்ட்ஸ் திட்டமும் இங்கதான், மூணாவது கட்டத்துக்கு 2023ல 7,210 கோடி ரூபாய் ஒதுக்கினாங்க. இலவச சட்ட உதவிக்கு அமைச்சகத்துக்கு எழுதாதீங்க, சட்ட உதவி எண் 15100க்கு போன் பண்ணுங்க. பெண்கள், குழந்தைகள், பட்டியலினத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவல்ல இருக்கிறவங்க, இவங்களுக்கு வருமான வரம்பே கிடையாது.

மத்திய அரசு மேலயே சிவில் கேஸ் போடணுமா? பிரதிவாதி பேர் "இந்திய ஒன்றியம்". அமைச்சகத்தோட பேரை மட்டும் போட்டா ஆட்சேபம் வரும். சிவில் நடைமுறைச் சட்டம் 80வது பிரிவுப்படி 2 மாசம் முன்னாடி எழுத்துல நோட்டீஸ். உங்க பேர், விலாசம், விவரம், என்ன பிரச்னை, என்ன பரிகாரம், எல்லாம் அதுல இருக்கணும். நோட்டீஸ் சட்ட அமைச்சகத்துக்கு இல்ல, சம்பந்தப்பட்ட துறைச் செயலாளருக்கு. ரயில்வேன்னா அந்த ரயில்வேயோட பொது மேலாளருக்கு. நோட்டீஸ் குடுத்ததை வழக்கு மனுவுலயும் எழுதணும், விட்டுட்டா பிரச்னை. அவசரம்னா கோர்ட் அனுமதியோட நோட்டீஸ் இல்லாமலே போடலாம். ஹைகோர்ட்லயோ சுப்ரீம் கோர்ட்லயோ நேரா போடுற ரிட் மனுவுக்கு இந்த நோட்டீஸ் தேவையே இல்ல.

கடைசியா, சட்டத்தைத் தமிழ்ல படிக்கிறவங்களுக்கு. 1973ல ஒரு சட்டம் இருக்கு. குடியரசுத் தலைவர் அதிகாரத்துல அரசிதழ்ல வந்த தமிழாக்கம், அந்த மத்தியச் சட்டத்துக்குத் தமிழ்ல அதிகாரபூர்வ வாசகம்னு அது சொல்லுது. இதைப் பார்க்கிறதும் சட்டமியற்றும் துறைதான். இணையத்துல கிடைக்கிற தமிழ் பிடிஎஃப் யாரோ சொந்தமா மொழிபெயர்த்ததாவும் இருக்கலாம். முதல் பக்கத்துல அரசிதழ் அறிவிப்பு இருக்கான்னு பாருங்க. அப்புறம் அதுக்கு மேல வந்த திருத்தங்கள் சேர்ந்திருக்கான்னு ஆங்கில வாசகத்தோட ஒரு தடவை ஒத்துப் பார்த்துக்குங்க.