தேயத் தேய ஓடிய டேப்: ‘ரூமர்ஸ்’ உருவான விதம்

அனைவருக்கும் வணக்கம்.

ஃப்ளீட்வுட் மேக் என்ற ராக் இசைக்குழுவின் பெயரைச் சொன்னதும் பாட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. யார் யாரைப் பிரிந்தார்கள் என்பதுதான் முதலில் வரும். 1976இல் அவர்களுடைய ‘ரூமர்ஸ்’ ஆல்பத்தின் வேலை தொடங்கியபோது, பேஸ் கிட்டார் வாசிக்கும் ஜான் மெக்வியும் கீபோர்டு வாசித்துப் பாடும் கிறிஸ்டின் மெக்வியும் கணவன் மனைவியாக இருந்து பிரிந்துவிட்டார்கள். கிட்டார் கலைஞர் லிண்ட்ஸி பக்கிங்காமும் பாடகி ஸ்டீவி நிக்ஸும் பல வருடக் காதலை முறித்துக்கொண்டிருந்தார்கள். டிரம்மர் மிக் ஃப்ளீட்வுட்டின் மணவாழ்க்கையும் ஆட்டம் கண்டிருந்தது. ‘கோ யுவர் ஓன் வே’ பாட்டில் தன்னைக் குத்தும் ஒரு வரியை எடுத்துவிடும்படி ஸ்டீவி கேட்டார். லிண்ட்ஸி எடுக்கவில்லை. அந்தப் பாட்டுக்கே ஸ்டீவி பின்குரல் பாட வேண்டியிருந்தது.

எல்லாம் உண்மைதான். ஆனால் ‘மனசு உடைந்தது, அதனால் நல்ல பாட்டு பிறந்தது’ என்று அத்தோடு முடித்துவிடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. மனசு உடைந்தவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். இந்த ஐந்து பேரும், கென் கைலட், ரிச்சர்ட் டாஷுட் என்ற இரண்டு ஒலிப்பதிவாளர்களும் ஏறக்குறைய ஒரு வருடம் உட்கார்ந்து செய்த வேலை இருக்கிறதே, அதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

முன்கதை சுருக்கமாக. 1967இல் லண்டனில் பீட்டர் கிரீன் தொடங்கிய புளூஸ் குழு இது. அவர் விலகிய பின் ஆட்கள் மாறி மாறி, 1974 கடைசியில் கலிஃபோர்னியாவிலிருந்து லிண்ட்ஸியும் ஸ்டீவியும் வந்து சேர்ந்தார்கள். அந்த ஐவரின் முதல் ஆல்பம் 1975இல் வந்து, ஒரு வருடத்துக்கும் மேல் மெல்ல ஏறி, அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. அந்த விற்பனையால் அடுத்த ஆல்பமான ‘ரூமர்ஸ்’ஸுக்குப் பணமும் நேரமும் தாராளமாகக் கிடைத்தன.

சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு எதிரே, கோல்டன் கேட் பாலத்தைத் தாண்டினால் சாசலிட்டோ. அங்கே ரெக்கார்ட் பிளான்ட் என்ற ஸ்டுடியோ. மரப்பலகைச் சுவர்கள், ஜன்னலே கிடையாது. உள்ளே போனால் பகலா இரவா என்று தெரியாது. கொக்கெயின் புழக்கமும் இருந்தது, அவர்களே பிறகு சொல்லியிருக்கிறார்கள்.

‘தி செயின்’ பாட்டை எடுத்துக்கொள்வோம். ஆல்பத்தில், எழுதியவர்கள் என்று ஐந்து பேர் பெயரும் போட்ட ஒரே பாட்டு. முதலில் இது கிறிஸ்டின் எழுதிய வேறொரு பாட்டு. அது சரியாக வரவில்லை. ஆனால் அதன் கடைசிப் பகுதி, ஜானின் பேஸும் மிக்கின் டிரம்ஸும் சேர்ந்து ஓடும் இடம், எல்லோருக்கும் பிடித்திருந்தது. அதை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைத் தூக்கிவிட்டார்கள். அப்புறம் அந்த முடிவுக்கு ஏற்ற தொடக்கத்தைத் தேடினார்கள். ஸ்டீவி தனியாக எழுதி வைத்திருந்த வரிகள் வந்தன. லிண்ட்ஸியும் ஸ்டீவியும் 1973இல் வெளியிட்ட ஆல்பத்தில் இருந்த ஒரு கிட்டார் வாசிப்பின் சாயல் வந்தது. டேப்பை பிளேடால் வெட்டி, துண்டுகளை ஒட்டித்தான் இந்தப் பாட்டு முழுசாக ஆனது. மூன்றாவது நிமிடத்தை ஒட்டிப் பாட்டு அடங்கி, பேஸ் மட்டும் தனியாக இறங்கி வரும். அந்த இடத்தைத்தான் பிபிசி பல வருடங்கள் ஃபார்முலா 1 கார் பந்தய நிகழ்ச்சிக்கு முகப்பு இசையாக வைத்திருந்தது.

‘சாங்பேர்ட்’ நேர் எதிர். அதில் வெட்டு ஒட்டுக்கே வேலை இல்லை. கிறிஸ்டின் ஒரு நள்ளிரவில் அரை மணி நேரத்தில் எழுதிய பாட்டு. அரங்கத்தின் எதிரொலி அதற்கு வேண்டும் என்று கைலட் நினைத்தார். பெர்க்லி பல்கலைக்கழகத்தின் ஸெல்லர்பாக் அரங்கத்தை எடுத்து, ஆளில்லாத இருக்கைகளுக்கு முன்னால் பியானோவைப் போட்டு, அதன் மேல் பூங்கொத்து வைத்து, விளக்கும் போட்டுக் கொடுத்தார். விடிய விடியப் பதிவு நடந்தது.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன். அன்று பதிவு செய்தது இரண்டு அங்குல அகல டேப்பில், 24 டிராக், அதாவது பக்கத்தில் பக்கத்தில் 24 தனித்தனி ஒலித்தடங்கள். காந்தத்தூள் பூசிய நாடா அது. இயந்திரத்தில் ஒலியைப் பதிந்து படிக்கும் ஹெட்டில் உரசி ஓடும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தேயும். முதலில் போவது உச்ச ஒலிகள்: டிரம்ஸில் ஹை-ஹாட் என்ற ஜோடித் தாளத்தட்டின் சிலிர்ப்பு, ஸ்நேர் டிரம்மின் நறுக்கென்ற சத்தம். இவர்களோ மாதக்கணக்கில் அதே டேப்பை ஓட்டி ஓட்டி, மேலே கிட்டாரும் குரலும் சேர்த்துக்கொண்டே இருந்தார்கள். ஒரு கட்டத்தில் டிரம்ஸ் மொத்தமாக மங்கிவிட்டது.

நல்லவேளை, அடிப்படை வாசிப்பைப் பதிவு செய்தபோது இரண்டு இயந்திரங்களில் ஒரே நேரத்தில் பதிவு செய்திருந்தார்கள். இரண்டாவது டேப் ஓடாமல் புதிதாகவே இருந்தது. ஆனால் இரண்டு இயந்திரங்களை ஒரே வேகத்தில் பூட்டி ஓட்டும் வசதி அவர்களிடம் இல்லை. அதனால் ஹெட்ஃபோனின் ஒரு காதில் பழைய டேப்பின் டிரம்ஸ், மறு காதில் புதிய டேப்பின் டிரம்ஸ். வேகத்தைக் கட்டுப்படுத்தும் குமிழைக் கையால் இம்மி இம்மியாகத் திருகி, இரண்டும் ஒன்றாகக் கேட்கும்படி பிடித்து வைத்துக்கொண்டே, குரலையும் கிட்டாரையும் நல்ல டேப்புக்கு மாற்றினார்கள். நாம் இன்று கேட்கும் டிரம்ஸ் சத்தம் காதால் அளந்து மீட்டெடுத்த சத்தம். கண்ணீர்க் கதைகளைவிட இதைக் கேட்டால்தான் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

ஒரு வருத்தம் மட்டும் உண்டு. ‘சில்வர் ஸ்பிரிங்ஸ்’ என்ற ஸ்டீவியின் பாட்டு ஆல்பத்தில் இல்லை. எல்.பி. இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் அதற்கு இடம் போதவில்லை, நீளமான பாட்டு. ‘கோ யுவர் ஓன் வே’ பாட்டைத் தனியாக வெளியிட்ட சிறிய இசைத்தட்டின், அதாவது சிங்கிளின், பின்பக்கத்துக்குப் போய்விட்டது. அந்த முடிவு தவறு என்றே நினைக்கிறேன். இருபது வருடம் கழித்து, 1997இல், ஐவரும் மறுபடி மேடையேறியபோது ஸ்டீவி லிண்ட்ஸியை நேராகப் பார்த்தபடி அதைப் பாடினார். அதற்கு அப்புறம்தான் அந்தப் பாட்டுக்கு உரிய இடம் கிடைத்தது.

1977 பிப்ரவரியில் ஆல்பம் வெளிவந்தது. லண்டனில் பங்க் என்ற கரடுமுரடான இசை கொதித்துக்கொண்டிருந்த வருடம். இவ்வளவு வழவழப்பான இசை பழசாகிப் போகும் என்று யாராவது நினைத்திருந்தால் அதில் ஆச்சரியமில்லை. ஆனால் அமெரிக்காவில் 31 வாரம் முதலிடத்தில் இருந்தது. 1978இல் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி. 1992 தேர்தலில் பில் கிளின்டன் ‘டோன்ட் ஸ்டாப்’ பாட்டைத் தன் பிரச்சாரப் பாடலாக்கிக்கொண்டார். 2020இல் ஒரு மனிதர் ஸ்கேட்போர்டில் போய்க்கொண்டே பழரசம் குடித்தபடி ‘ட்ரீம்ஸ்’ பாட்டுக்கு வாயசைத்து டிக்டாக்கில் ஒரு வீடியோ போட, ஆல்பம் அமெரிக்காவில் மறுபடி முதல் பத்துக்குள் வந்தது.

சரி, இப்போது ரெக்கார்டைப் போடப் போகிறார்கள். முதல் பாட்டு ‘செகண்ட் ஹேண்ட் நியூஸ்’. அதில் டிரம்ஸோடு சேர்ந்து தட்தட்டென்று இன்னொரு சத்தம் வரும். ஸ்டுடியோவில் கிடந்த ரெக்சின் நாற்காலியின் இருக்கையை லிண்ட்ஸி தட்டிய தட்டு அது. அதைக் கவனித்துக் கேளுங்கள்.