ஒட்டுக்குக் கீழே என்ன துளிர்க்கிறது?

எல்லாருக்கும் வணக்கம். சந்தூர் பக்கத்தில் எங்கள் மாந்தோப்பில் நிற்கிறேன். காற்றுச் சத்தம் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"மல்கோவா சாப்பிட்டுக் கொட்டையை நட்டேன், அதே பழம் வருமா?" என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். வராதுங்க. நம் ஊர் மாங்கொட்டையில் பெரும்பாலும் ஒரே கரு. பூவில் வந்து உட்கார்ந்த ஈ எந்த மரத்து மகரந்தத்தைக் கொண்டுவந்ததோ, அதுவும் அதில் கலந்திருக்கும். தாயின் ருசி அப்படியே இறங்காது.

அதனால்தான் ஒட்டு, அதாவது கொட்டையில் முளைத்த செடிமேல் நல்ல மரத்துக் குச்சியைச் சேர்த்து வளர்ப்பது. கொட்டையை மாதக்கணக்கில் காயவிட்டால் முளைக்காது. பழம் தின்ற சூட்டோடு மண்ணில் போட வேண்டும். முளைத்த செடியின் இலை செம்பு நிறத்தில் இருக்கும்போதே உச்சியை வெட்டி, தண்டைப் பிளந்து, நல்ல மரத்துக் குச்சியை ஆப்பு மாதிரி சீவிச் செருகி, பாலித்தீன் நாடாவால் இறுக்கிக் கட்டுவார்கள். இந்தப் பக்கத்து நர்சரிகளில் அந்தக் கை வேகத்தைப் பார்க்க வேண்டும்!

கேமராவைக் கீழே இறக்குகிறேன். அடித்தண்டில் ஒரு புடைப்பு தெரிகிறதா? அதற்கு மேலே செந்தூரா என்கிற மா ரகம். கீழே யாரோ தின்று போட்ட கொட்டை. ஒரு மரம் என்கிறோம், உள்ளே இரண்டு.

நட்டதும் முதல் மூன்று வருடம் பூவைக் கிள்ளிவிட வேண்டும். எங்கள் அம்மாவுக்கு மனசே வராது. ஊரில் இருந்தவரை நான்தான் அவர் பார்க்காத நேரத்தில் கிள்ளினேன்.

சரி, தோப்பு மூலையில் ஒரு மரம் நிற்கிறது, அதன் கதைக்கு வருவோம். அதுவும் செந்தூரா ஒட்டுக்கன்றுதான். நட்ட இரண்டாம் வருடம் நான் வேலைக்காக பெங்களூர் போய்விட்டேன். ஒட்டுக்குக் கீழே வந்த துளிரை யாரும் ஒடிக்கவில்லை. அது வாட்டசாட்டமாகக் கிளம்பி, மேலே இருந்த செந்தூராவை அமுக்கிக் காயவைத்துவிட்டது. ஆறாம் வருடம் காய் பிடித்தது. சின்னக் காய், ஒரே நார், பல் கூசும் புளிப்பு. கன்று கொடுத்தவரிடம் சண்டைக்குப் போனேன். மனுஷன் வண்டியெடுத்துத் தோப்புக்கே வந்து, புடைப்பின் ஓரத்தில் பட்டுப்போன குச்சியைத் தொட்டுக் காட்டினார். "கன்று என்னுது தம்பி, காவல் உன்னுது" என்றார். ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன், வேறென்ன செய்ய?

மற்ற மரங்கள் மார்கழி, தையில் பூக்கும். ஒரு கொத்தில் ஆயிரம் பூ இருந்தாலும் பாதிக்கு மேல் ஆண் பூதான். பிஞ்சிலும் பெரும்பகுதி உதிரும். அந்த நேரத்தில் பூவின் சாற்றை உறிஞ்சும் தத்துப்பூச்சி வந்தால் இன்னும் மோசம். கொத்துக்கு ஒன்றிரண்டு நின்றாலே நல்ல மகசூல். அதுவும் செந்தூரா ஒரு வருடம் கொட்டும், மறு வருடம் கையை விரிக்கும். பெங்களூரா ரகம்தான் வருடா வருடம் ஏமாற்றாமல் காய்த்துக் கூழ் ஃபேக்டரிக்குப் போகும்.

மூலை மரத்தை வேரோடு எடுக்கப் போவதில்லை. வேர் நல்ல வேர். கிளைகளை வெட்டிவிட்டு, வருகிற புதுத் தளிரில் செந்தூராவை மறுபடி ஒட்டுக் கட்டப் போகிறேன். அம்மா மட்டும், ஊறுகாய்க்கு ஒரு கிளையை விடச் சொல்கிறார்.